பாக்கியத்தின் பேட்டரி

நல்ல உச்சி வெயில். தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் ஒரு கார் பேட்டரியை ஏற்றிக்கொண்டு எங்கள் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

பேட்டரியை சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவருவார்கள். மாட்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் வைத்துக் கொண்டுவருவார்கள். தலையில் சுமந்து வந்து நான் பார்த்தது அந்த ஒரு பெண்ணைத்தான். ஆசிட் கசிந்து வலது தோளில் ரவிக்கை பொத்தல் பொத்தலாகப் போயிருந்தது. கீழே தோலும் வெந்துதான் இருந்திருக்கும்.

“இறங்கிப்போச்சுக்கா. ஏத்திக் குடுங்க” என்றாள்.

நான் ஒரு கை கொடுத்து இறக்கி வைத்தேன். பேட்டரியின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ‘கலியபெருமாள் மைக் செட்’ என்று எழுதியிருந்தது. கலியபெருமாளைக் காணவில்லை என்று திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெரு முழுக்கப் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. இவள் அவருடைய மனைவி, பாக்கியம்.

அதே பேட்டரியை நாங்கள்தான் முழுக்க ஏற்றி, கொஞ்ச நாளைக்கு முன்பு அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். மைக் செட்டை ஓட்ட அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. சும்மா கிடக்கிற பேட்டரி அதற்குள் இப்படி ஒட்ட இறங்காது.

“யாரு ஓட்டுறா இதை?” என்று கேட்டேன்.

“நாந்தாங்க்கா.”

“எந்த ஊரு விசேஷத்துக்கு?”

சும்மாட்டை உதறி மறுபடி முந்தானையாகத் தோளில் போட்டுக்கொண்டாள். “நாளைக்கு மதியத்துக்கு வேணும். அதுக்குள்ள ஏறிடுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த ‘ரீ’

இப்போது எடுத்ததற்கெல்லாம் ரீசார்ஜ் என்கிறார்கள். போனில் பேச்சு நின்றுபோனால் ரீசார்ஜ். மழைத் தண்ணீரைப் பூமிக்குள் இறக்கக் குழி வெட்டி ஜல்லி கொட்டிவிட்டுப் போன அதிகாரிகளும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சென்னையில் இருக்கும் என் மருமகள் போன மாதம், “கொடைக்கானல் போய் ரீசார்ஜ் ஆயிட்டு வந்தோம் அத்தை” என்றாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. நான் சிரித்துவைத்தேன். ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் ஆசிட் நெடி மூக்கில் ஏறிவிடும். இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை.

எனக்கு அந்த வார்த்தை புகுந்த வீட்டுச் சொத்து. கல்யாணமாகி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் கடைக்குப் போர்டு எழுத ஆள் வைத்திருந்தார். ‘பேட்டரி சார்ஜ்’ என்று எழுதிவிட்டு ஏணியிலிருந்து இறங்கப்போன ஆளை, “யோவ், ரீ எங்கேய்யா?” என்று நிறுத்தினார். இடம் போதாது என்றான் அவன். எங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. அழித்து எழுதச் சொன்னார்.

“கம்பெனிக்காரன் போட்டு அனுப்புறதுதான் சார்ஜ். செத்து வந்ததுக்கு மறுபடி உசிர் குடுக்கறது ரீசார்ஜ். நம்ம பொழப்பே அந்த ரீயிலதான் இருக்கு” என்று எனக்கு விளக்கம் சொன்னார். என்னவோ பெரிய வைத்தியர் மாதிரி. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

வைத்தியம் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை என்பது உள்ளறைக்குப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஜன்னல் இல்லாத நீள அறை. இரண்டு பக்கமும் பலகையில் வரிசையாகப் பேட்டரிகள். மூடியெல்லாம் திறந்திருக்கும். சார்ஜ் ஏற ஏற உள்ளே ஆசிட் பொருமும். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய கொதிப்புச் சத்தம் வரும். தனியாகப் போய் நின்றால் இருட்டில் நாலைந்து பேர் படுத்து மூச்சு விடுவது மாதிரி இருக்கும். நான் மதியத்தில் அந்த அறைக்குள் கூடியவரை போகமாட்டேன்.

அவர் அங்கே பேட்டரியில் காதை வைத்துக் கேட்பார். சத்தத்தை வைத்தே எது நிற்கும், எது நிற்காது என்று சொல்லிவிடுவார். இன்னொன்றும் சொல்வார். அடியோடு இறங்கிய பேட்டரியைக் கழற்றி நாலு நாள் தொடாமல் போட்டுவைத்தால் அதற்குத் தானாகவே கொஞ்சம் தெம்பு வந்துவிடும். விளக்கைப் பொருத்தினால் எரியும். ஆனால் ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோதான், அதற்குப் பிறகு பழைய பிணம். ‘பொய் சார்ஜ்’ என்பது அதற்கு அவர் வைத்த பெயர். “நம்பிக் கெட்டுடாதே” என்பார்.

இறங்காதீங்க

கலியபெருமாளுக்கு வெண்கலக் குரல். சைக்கிளுக்குப் பின்னால் பேட்டரியும் ஆம்ப்ளிஃபையரும், முன்னால் கூம்பு ஹாரனும் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். திருவிழா, பொதுக்கூட்டம், டூரிங் டாக்கீஸில் புதுப்படம், எதுவானாலும் அவர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலிக்காரர் தெருவில் வீடு. வேலை முடிந்து வரும்போது வயல் நடுவில் நின்றுகொண்டு மைக்கிலேயே, “சோத்த எடுத்து வையி, வந்துட்டேன்” என்று பெண்டாட்டிக்குச் சொல்வாராம். ஊரே சிரிக்குமாம். பாக்கியம் உள்ளே ஓடி ஒளிந்துகொள்வாளாம்.

கோட்டையில் ஆட்சி மாறி, ஊருக்கு ஊர் புதுக்கொடி பறந்த காலம் அது. நில உச்சவரம்பைக் குறைக்கச் சட்டம் வருகிறது, நிலம் கைமாறப்போகிறது என்று பேச்சு. மிராசுதார்கள் வேலையாட்களின் பெயரிலும் சாமி பெயரிலும் வயலை எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். கூலிக்காரர்கள் கூலி நெல் படியைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்புக்கு இறங்குவோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். குறுவை முற்றிச் சாய்ந்து கிடந்தது. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள், பின்னாலேயே போலீஸ் வந்தது. எந்த ஊர் வரப்பில் யார் தலை உருளும் என்று தெரியாத நாட்கள்.

கலியபெருமாள் ஊர் மிராசுதார் ஒரு வேலை செய்தார். கூலி பேசி முடிந்துவிட்டது, எல்லாரும் காலையில் அறுப்புக்கு வாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிவரும்படி கலியபெருமாளுக்கு ஆள் அனுப்பினார். அவரும் நம்பித்தான் கிளம்பினார். இரண்டு கிராமம் சொல்லியும்விட்டார். மூன்றாவது கிராமத்தில் ஜனங்கள் மறித்து, யாரும் எதுவும் பேசி முடிக்கவில்லை, எல்லாம் புளுகு என்றார்கள்.

கலியபெருமாள் சைக்கிளைத் திருப்பினார். வந்த வழியே வந்து, சொன்ன இரண்டு கிராமத்திலும் நின்று, “நான் சொன்னது பொய். கூலி பேசி முடிக்கலை. யாரும் இறங்காதீங்க” என்று சொன்னார். கடைசியாக மிராசுதார் வீட்டுக்கு எதிரேயே நின்று அதைச் சொன்னார் என்று கேள்வி.

அன்று நண்பகலில் எங்கள் கடைக்கு வந்தார். பேட்டரி இறங்கியிருந்தது. சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர். எல்லாவற்றையும் அப்படியே எங்களிடம் விட்டுவிட்டு, “நாளைக்கு வந்து எடுத்துக்கறேன் அண்ணி” என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரையோடு நடந்தார். குடிக்க மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்திருந்தார்.

வீடு போய்ச் சேரவில்லை. போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள். கூலி கேட்டவன் எவனாவது காணாமல் போனால், கேஸுக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று அப்போதெல்லாம் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அப்படியே சொன்னார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, செட்டையும் ஏற்றிய பேட்டரியையும் ஒரு வண்டியில் போட்டு நாங்கள்தான் பாக்கியத்திடம் சேர்ப்பித்தோம்.

யாரும் பேசாத மைக்

அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்த ஊர்ப் பக்கம் உச்சிப்பொழுதில் மைக் போடுகிறார்கள், ஆனால் யாரும் பேசுவதில்லை என்றார்கள். வண்டி பூட்டிக்கொண்டு போன ஒருவர் வேப்பிலை செருகிக்கொண்டு திரும்பினார். மதியத்தில் அந்த வழி வேண்டாம் என்று சுற்றுவழி போனவர்களும் உண்டு.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை குறைவு. பேட்டரியைத் தலையில் சுமந்து வந்த பெண்ணைப் பார்த்துவிட்டேன், அதனால் போய்ப் பார்த்துவிடுவது என்று ஒரு நாள் கிளம்பினேன். வீட்டுக்காரர், “ஒனக்கு எதுக்கு வம்பு?” என்றார். வம்பு என்றால் எனக்கு அப்போது வெல்லம்.

ஆற்றைத் தாண்டி வயலுக்குள் இறங்கினேன். குறுவை அறுத்த தாள்களுக்கிடையே கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. சூரியன் நேர் உச்சிக்கு வந்தது. எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பிறகு ஹாரனின் இரைச்சல். ம்ம்ம் என்று ஒரே சீராக, வயல் பரப்பு முழுவதும்.

நின்று கேட்டேன். இரைச்சலுக்குள் வேறு சத்தங்களும் இருந்தன. ஒரு கோழி கொக்கரித்தது. ஓலை சரசரத்தது. தட்டைத் தரையில் வைக்கிற சத்தம். அதில் சோற்றைப் போடுகிற கரண்டிச் சத்தம். சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுக்குள் பேச ஆளில்லாமல் இருப்பது அந்த ஹாரனில் ஊர் முழுக்கக் கேட்டது. பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

போய்ப் பார்த்தேன். வரப்போரப் பனைமரத்தில் ஹாரனைக் கட்டி, ஒயரை வீட்டுக்குள் இழுத்துவிட்டிருந்தாள். உள்ளே ஆம்ப்ளிஃபையர். வாசலைப் பார்த்தபடி ஸ்டாண்டில் மைக். அதற்கு முன்னால் சோறு போட்ட தட்டு. எட்டத்தில் சுவரில் சாய்ந்து பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்விட்சை அணைத்தாள். வெளியே இரைச்சல் நின்றது. நின்ற பிறகுதான் பயம் கூடியது.

“எதுக்குடியம்மா இப்படிப் பண்றே?” என்றேன்.

“அவங்க வர்ற நேரம்க்கா. செட்டு ஓடுற சத்தம் அவங்களுக்கு எத்தன மைல்லேருந்தும் கேட்டுரும். எங்க இருந்தாலும், வீடு இங்கதான் இருக்குன்னு தெரியும்ல.”

“அப்ப பேசேன். வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிடேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். “ஊருக்கே கேக்கும்க்கா. வெக்கமா இருக்கு” என்றாள்.

நான் திரும்பி வந்தேன். வந்து வீட்டுக்காரரிடம், அந்தப் பேட்டரிக்கு இனிமேல் காசு வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். பேட்டரி இறங்கும்போதெல்லாம் பாக்கியம் கொண்டுவருவாள். ஏற்றிக்கொண்டு போவாள். அவளுக்கு அது வெறும் பேட்டரி இல்லை. அதில் உசிர் இருக்கிறவரை புருஷனும் எங்கோ இருக்கிறார் என்று நம்பினாள்.

காரியக்காரர் வந்தார்

குறுவைக்கு அடுத்த தாளடி நடவு தொடங்கிய நேரத்தில் எங்கள் கடைக்கு அந்த மிராசுதாரின் காரியக்காரர் வந்தார். பண்ணை வேலைகளை மேய்ப்பவர் அவர்தான். சபாபதி என்று பெயர். வாட்டசாட்டமான மனுஷன், அடையாளம் தெரியாமல் இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளறையிலிருந்து வந்த கொதிப்புச் சத்தத்தைக் கேட்டு, “அது என்ன?” என்றார்.

“பேட்டரிங்க. சார்ஜ் ஏறுது” என்றார் வீட்டுக்காரர்.

“அந்தப் பொம்பள பேட்டரியும் உள்ளதான் இருக்கா?”

“இருக்குங்க. இன்னிக்குக் காலையில குடுத்துட்டுப் போச்சு.”

“அதுக்குப் போடாதீங்க.”

அதட்டவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. “ஏங்க, சத்தம் தொந்தரவா இருக்கா?” என்று நான் குறுக்கே கேட்டேன். என்னை அவர் பார்க்கவில்லை. “சாப்பிட முடியலை” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். போகும்போதுதான் பழைய குரல் திரும்பியது. “இந்தக் கட்டடம் யாரோடதுன்னு தெரியும்ல?” என்றார்.

தெரியும். அந்தக் கடைத்தெருவில் பாதி அந்த மிராசுதாருடையது.

அன்று சாயங்காலம் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல சண்டை. வீட்டுக்காரர் கோழை என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் அன்று கோழையாகத்தான் இருந்தார். பாக்கியம் வந்து கேட்டால், கரண்ட் இல்லை என்றார். மறுநாள் கேட்டால், ஆசிட் மாற்றணும் என்றார். இப்படியே நாள் போயிற்று. ஹாரன் இரையவில்லை. வயல்காட்டில் உச்சிப்பொழுது மறுபடி சாதாரண உச்சிப்பொழுதாகிவிட்டது என்று ஜனங்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் பாக்கியம் வந்து, “ஏறினது போதும், குடுங்கண்ணே” என்று நகராமல் நின்றுவிட்டாள். அவர் உள்ளே போனார். பேட்டரியைத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தார். அவள் கும்பிட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள்.

“எப்போ ஏத்தினீங்க?” என்று கேட்டேன்.

“ஏத்தலை” என்றார். “தொடக்கூட இல்லை. மூலையில அப்படியே கெடந்துச்சு. வீட்ல போட்டுப் பாத்துட்டு, செத்துப்போச்சுன்னு அவளே விட்டுடுவா.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன். ‘உன் பேட்டரியில் ஒன்றுமில்லை, என்னோடு வா, நானே ஏற்றித் தருகிறேன்’ என்று சொல்வதற்காக.

பொய் சார்ஜ்

அவள் நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. நான் வயலில் இறங்கும்போது வெயில் உச்சியைத் தொட்டுவிட்டது. மிராசுதார் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பனைமரத்தைப் பார்த்தார்கள். பழக்கம்தான். ஹாரனில் ஒன்றும் வரவில்லை. ஒரு பெண் பெருமூச்சு விட்டுக் குனிந்தாள்.

அப்போது ஹாரனில் கரகரவென்று ஏதோ கேட்டது. தூரத்தில் யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல ஓர் ஆண் குரல்.

“...நிறுத்தும்மா. போதும்மா.”

நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி, “கலியபெருமாளா?” என்றாள். இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். அது கலியபெருமாளின் குரல் இல்லை. எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பேசிய குரல்.

“என்னத்த நிறுத்தச் சொல்றீங்க?” அது பாக்கியம். இன்னும் சன்னமாகக் கேட்டது.

“இந்தச் சத்தத்தைத்தான். சார்ஜ் இல்லைன்னு எனக்குத் தெரியும். போடவேணாம்னு நாந்தான் சொன்னேன். அப்பறமும் கேக்குதே. இத்தன நாளா ஊர்ல எவன விசாரிச்சாலும் கேக்கலைங்கறான், எனக்கு மட்டும் கேக்குது. சோத்துல கைய வச்சா கேக்குது. நீ யாரைக் கூப்பிடுற? அவன் வரமாட்டாம்மா. கொள்ளிடத்துல, நாணல் திட்டுக்குப் பக்கத்துல மணல்ல கெடக்கான்.”

சேற்றில் நின்ற கால்களை யாரும் அசைக்கவில்லை. ஹாரன் ஒரு முறை மங்கி, மறுபடி வந்தது.

“மொதல்ல களத்து மோட்டார் கொட்டாயிலதான் போட்டு வச்சிருந்தோம். நீ செட்டப் போட்ட அன்னிக்கு அவன் உசுரோட இருந்தான். ‘எம் பொண்டாட்டி செட்டப் போட்டுட்டா, கேக்குது பாருங்க’ன்னான். அப்பறம் தெனம் அந்த நேரம் வந்தா அசையாம கேட்டுக்கிட்டுக் கெடப்பான். அந்த மூஞ்சி எனக்குப் போகமாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு. எனக்கு மேல இருக்கறவங்க சொன்னதத்தான்...”

அங்கே நின்றுபோயிற்று. பேட்டரியில் இருந்த கொஞ்சநஞ்சமும் தீர்ந்துவிட்டது.

பேட்டரி முழுக்க ஏறியிருந்தால் ஹாரன் இரைந்திருக்கும். இரைந்திருந்தால் அந்த மனுஷன் மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டார். அதே சமயம் இன்னும் ஒரு நிமிஷம் ஓடியிருந்தால், மேலே இருந்தவர் யார் என்பதும் வந்திருக்கும். இதை எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். என் வீட்டுக்காரரும் யோசித்துக்கொண்டேதான் இருந்தார். அதை அவர் வாயால் சொன்னதில்லை.

நடவுப் பெண்கள் நாற்றுகளை அப்படியே போட்டுவிட்டுக் கரையேறினார்கள். நாங்கள் போனபோது சபாபதி அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தான் பேசியது வெளியே கேட்டது அவருக்குத் தெரியாது. இத்தனை பேர் ஏன் வந்து நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். உள்ளே பாக்கியம் தட்டில் போட்ட சோற்றைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நான் தொட்டேன். உடம்பு கட்டையாக விறைத்திருந்தது.

நாணல் திட்டில் தோண்டி எடுத்தார்கள். இடுப்பு பெல்ட்டை வைத்துப் பாக்கியம் அடையாளம் சொன்னாள். எத்தனை நாளான உடம்பு என்று டாக்டரால் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. சபாபதியைப் பிடித்துப் போனார்கள். ஸ்டேஷனில் வைத்து அவர் பேச்சை மாற்றிவிட்டார். தனக்குப் புத்தி சரியில்லை, கொட்டகையில் யாரையும் பார்க்கவில்லை என்று சாதித்தார். ஹாரனில் வந்த குரலைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மிராசுதார் உடம்பு சரியில்லையென்று சென்னைக்குப் போய்விட்டார்.

கருமாதிக்கு முந்தின நாள் வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் போய்ப் பாக்கியத்தின் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆசிட் மாற்றினார். அன்று முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கட்டடத்துக்கு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. மறுநாள் இரண்டு பேருமாக அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

கருமாதி முடிந்து, வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியம் எழுந்து உள்ளே போனாள். ஹாரன் இரைந்தது. வழக்கம்போல் பேசமாட்டாள் என்றுதான் நினைத்தோம். மைக்கில் அவள் குரல் வந்தது. பழக்கமில்லாததால் ரொம்ப நெருக்கத்தில் வைத்துப் பேசினாள், அவள் மூச்சுக்கூடக் கேட்டது.

“அன்பார்ந்த ஊர்ப் பெரியவங்களே, தாய்மார்களே. எங்க வீட்டுக்காரரு, மைக் செட்டுக்காரரு, இறந்துட்டாங்க. என்னைக்குன்னு எனக்குத் தெரியலை. மணல்லேருந்து எடுத்த நாளைச் சொல்றாங்க. அது இல்லை. காணாமப் போன நாளும் இல்லை. நான் செட்டப் போட்டப்ப அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. எந்த நாள்லேருந்து கேக்காமப் போச்சுன்னு தெரிஞ்சவங்க இந்த ஊர்லதான் இருக்கீங்க. வந்து சொல்லிட்டுப் போங்க. நான் யாரையும் ஒண்ணும் கேக்கமாட்டேன். அவங்களுக்குத் திதி குடுக்கணும்.”

அதற்குமேல் அவள் பேசவில்லை. ஸ்விட்சையும் அணைக்கவில்லை. பேட்டரி இறங்கும்வரை நாங்கள் எல்லாரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். முழுக்க ஏற்றிய பேட்டரி, இறங்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை.